கோமளாவுக்கு வைத்த மருந்து

எங்கள் கம்பெனியில் சௌந்தரராஜன் சாருக்கு வேலை, அடுத்தவர் வைத்த வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பது. சனத்நகரில் பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறை அது. சட்டைப்பையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு சாக்பீஸ் வைத்திருப்பார். குனிந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் அந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து வைக்க வேண்டும். ஆறடி வெல்டர்களெல்லாம் அந்த சாக்பீஸைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பூனை அழவைத்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. என் ஸ்டோர்ஸ் கவுன்டருக்கு முன்னால், பட்டப்பகலில், கையுறை வாங்க வந்தவர்கள் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

என் பெயர் ரேச்சல், கம்பெனியின் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எங்கள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ், தெருவில் தக்கனி உருது, பஸ்ஸில் தெலுங்கு என்று வளர்ந்தவள் நான். அதனால் தமிழ்நாட்டிலிருந்து யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், வீடு பார்க்கவும் நல்ல காபிப்பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்கவும் என்னிடம்தான் அனுப்புவார்கள். சௌந்தர் சாரும் அப்படி வந்தவர்தான். திருச்சியில் அவர் இருந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். இங்கே வேலை கிடைத்தது. மனைவி வேதா அங்கே பள்ளிக்கூட டீச்சர், வேலையை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே ஐம்பதைத் தாண்டிய மனிதர், போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுத்த சைவம். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனால், முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டு, போட்டதுதான் என்றதும் டப்பாவை மூடியபடியே திருப்பித் தருவார்.

அவருடைய தெலுங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை யாருக்கும் புரியாது. தமிழ்ச் சொல்லின் பின்னால் ஒரு 'உ' சேர்த்தால் தெலுங்கு ஆகிவிடும் என்று நம்புகிற கட்சி உண்டே, அதில் அவர் ஆயுள் உறுப்பினர். ஹிந்தி சுத்தமாக வராது. இங்கிலீஷில் பேசுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இல்ல மேடம். இந்த ஊர்ல இருந்துண்டு இந்த ஊர்ப் பேச்சைப் பேசலைன்னா அது மரியாதை இல்ல."

"மரியாதையா இருக்கு சார், ஆனா யாருக்கும் புரியலை. கைக்கு சார், எதுக்கு இந்த வம்பு? என்கிட்ட ஃபோனைக் குடுங்க, நான் சொல்றேன்."

கேட்கவே மாட்டார். நல்ல மனிதர்களிடம் இதுதான் தொல்லை. தப்பைக்கூட மரியாதையாகச் செய்வார்கள், நாம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

பேச ஆளில்லாத அந்த வீட்டுக்குள் ஒருநாள் சமையலறை ஜன்னல் கம்பி வழியாக ஒரு பூனை வந்தது. சாம்பல் நிறத்தில் வரிவரியாக, ஒரு காது மட்டும் கிழிந்திருக்கும். அவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு உருண்டையைத் தரையில் வைத்தார். அது சாப்பிட்டது. மார்க்கெட் எலி, கண்ட வீட்டு மீன்தலை என்று வளர்ந்த பூனை தயிர்சாதம் சாப்பிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கோமளா என்று பெயர் வைத்தார். அதிலிருந்து சாயங்காலம் வேலையிலிருந்து போனதும் அதற்கு அன்றைய சமாச்சாரம் முழுவதும் ஒப்பிப்பார். எந்த பாய்லர் குழாயில் ஓட்டை, யார் லீவு, ரேச்சல் மேடம் இன்று என்ன திட்டினாள் எல்லாம் அதற்குத் தெரியும். "அதுகிட்ட பேசறதுல பாதி என்கிட்ட பேசினாப் போறும்" என்று வேதா அம்மா ஃபோனில் சொன்னதாக அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

டிசம்பர் குளிரில் கோமளாவுக்கு உடம்புக்கு வந்தது. முதலில் தும்மல். பிறகு கண்ணில் பீளை கட்டியது. பிறகு மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கரகரவென்று இழுத்தது. சௌந்தர் சார் அதை மார்க்கெட்டில் கிடைத்த ஒரு மூடி போட்ட கூடையில் அமுக்கி, கையெல்லாம் பிறாண்டல் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர் கிருஷ்ணாவிடம் ஆட்டோவில் தூக்கிப்போனார். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஒரு ஊசி போட்டார். தினமும் கொண்டுவந்தால் ஊசியே போடலாம், முடியாவிட்டால் காலையும் மாலையும் அரை மாத்திரை, நடுவில் நிறுத்தினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். வீடு வந்ததும் கூடையைத் திறந்த மாத்திரத்தில் கோமளா ஜன்னல் வழியே பாய்ந்து போனது. அதன்பின் கூடை அந்த அறையில் இருந்தால்கூட உள்ளே வராது. ஆக மாத்திரைதான் வழி.

அரை மாத்திரை. சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. அதை அந்தத் தொண்டைக்குள் இறக்க அந்த மனிதர் பட்ட பாட்டை நான் தினமும் காலையில் கவுன்டரில் நின்று கேட்டேன். தயிர்சாதத்தில் வைத்தார். சாதத்தைச் சுற்றி நக்கிவிட்டு மாத்திரை இருந்த பருக்கைகளை மட்டும் தட்டில் விட்டுவிட்டுப் போனது. பொடி செய்து பாலில் கலந்தார். மோந்து பார்த்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாலைத் தொடவே இல்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்து வாயைத் திறந்து உள்ளே போட்டார். விழுங்கிவிட்டது என்று நம்பி, தடவிக்கொடுத்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி இறக்கிவிட்டால், சமையலறை மூலையில் போய் அதைத் துப்பியது. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்ததாம்.

"நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிண்டுடறது மேடம். என்ன புத்தி பாருங்கோ."

அதில் அவருக்குப் பெருமை வேறு.

அடுத்த தடவை பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் செலுத்தினார். கசப்பு நாக்கில் பட்டதும் பூனையின் வாயிலிருந்து சோப்பு நுரை மாதிரி நுரை தள்ளியது. வலிப்பு வந்துவிட்டது, கொன்றுவிட்டேன் என்று பயந்து, டாக்டருக்கு ஃபோன் செய்தார். கசந்தால் பூனைக்கு அப்படித்தான் நுரைக்கும், பயப்படாதீர்கள், மருந்து வெளியே வந்துவிட்டதா என்று டாக்டர் கேட்டார். எல்லாம் வெளியேதான் வந்திருந்தது. சட்டையில், சுவரில், கண்ணாடியில். அன்றைக்குத்தான் கவுன்டருக்கு முன்னால் அழுதார். முழங்கை வரை சிவப்புக் கோடுகள்.

"என்னைப் பார்த்தா ஓடறது மேடம். நான் கூப்பிட்டா ஓடறது. மூச்சு வாங்கறது அதுக்கு, ஆனாலும் ஓடறது. நான் என்ன பண்ணுவேன்."

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "தயிர்சாதத்துல மாத்திரை வெச்சா எந்தப் பூனை சார் திங்கும்? மூக்கடைச்சுப் போச்சு அதுக்கு. நல்லா நாத்தம் வர்ற மாதிரி மீன் வேணும். நான் வறுத்துத் தர்றேன், அதுல பிசைஞ்சு வெச்சுடுங்க."

"நான் மீனைத் தொடறதா."

"உங்களைச் சாப்பிடச் சொல்லலை சார். தொட்டா போதும்."

தொட்டார். மறுநாளிலிருந்து நான் தினமும் ஒரு சின்ன டப்பாவில் மீன் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் தனிப்பையில் போட்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகக் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போவார் என்று கேள்வி. வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில், கரண்ட் மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே, கோமளா இப்போதெல்லாம் படுத்திருக்கிற மூலையில், ஒரு பழைய தட்டில் பிளாஸ்டிக் கையுறையோடு பிசைந்து வைத்தார். கையுறை என் ஸ்டோர்ஸ் கையுறைதான். வைத்துவிட்டு அங்கே நிற்காமல் மேலே போய்விட வேண்டும், நின்றால் பூனை வராது.

இங்கேதான் அவருடைய மரியாதை குறுக்கே வந்தது. யாராவது அசிங்கம் என்று தட்டை எடுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார். எதிர்வீட்டில் பிரமீளம்மா. கணவர் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். அவள் அந்தக் கட்டடத்துக்கே பெரியம்மா மாதிரி. அவளிடம் போய்ச் சொல்லி வைத்தால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. கதவைத் தட்டினார். கைகூப்பினார். தெலுங்கில் சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் அவர் வாயைக் கட்டியிருப்பேன்.

"பில்லிக்கி மந்து பெட்டானு" என்றார்.

பில்லி என்றால் பூனை, மந்து என்றால் மருந்து. அதுவரை சரி. சோறு போட்டேன் என்பதற்குத் தெலுங்கில் அன்னம் பெட்டானு என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, சோறு பெட்டானு என்றால் மருந்தும் பெட்டானுதானே என்று தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டார். மருந்து கொடுத்தேன் என்றால் மந்து வேசானு என்று சொல்ல வேண்டும். மந்து பெட்டானு என்றால் அது வேறு. நம் வீடுகளில் எலிக்கு மருந்து வைத்திருக்கிறேன், குழந்தையைப் பார்த்துக்கொள் என்கிறோமே, அந்த மருந்து, அந்த வைப்பு.

பிரமீளம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிருக்கிறது. எதற்கு என்று கேட்டிருக்கிறாள். பாவம், பூனை ரொம்ப நாளாகக் கஷ்டப்படுகிறது என்று சொல்ல நினைத்த சார், "சாலா ரோஜுலு இப்பந்தி" என்றிருக்கிறார். ரொம்ப நாளாகத் தொந்தரவு என்றுதான் அவள் காதில் விழுந்தது. மாத்திரைக் கணக்கு இன்னும் சில நாளில் முடிந்துவிடும் என்று சொல்ல, "கொன்னி ரோஜுல்லோ அயிபோத்துந்தி" என்றார். சில நாளில் கதை முடிந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. தட்டை யாரும் எடுக்க வேண்டாம் என்று கடைசியாக ஒரு வேண்டுகோளும் வைத்துவிட்டு, மறுபடி கைகூப்பிவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

கைகூப்பி, புன்னகையோடு, விஷம் வைத்திருக்கிறேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போகிற ஒருவனை யார்தான் என்ன செய்வார்கள்? அவள் கணவர், வாடகைக்கு இருக்கிறவனிடம் சண்டை வேண்டாம், வீட்டுக்காரர் ஊரிலிருந்து வரட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று தடுத்திருக்கிறார். அதனால் அவள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தாள். அவர் தட்டை வைத்துவிட்டு மேலே போனதும், அதைப் பழைய பேப்பரில் கவிழ்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்தாள். காலையிலும் மாலையிலும்.

சௌந்தர் சாருக்குக் காலியான தட்டைக் கண்டதும் உயிர் வந்தது. பட்டறையில் அன்றைக்கு யாருக்கும் வட்டம் விழவில்லை.

"நக்கியிருக்கா மேடம். தட்டு கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பொட்டு இல்ல."

"நான் சொன்னேன்ல சார்" என்றேன் நானும், பெரிய இவள் மாதிரி.

ஆனால் இருமல் குறையவில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிகிறது என்றார். மருந்து உள்ளே போகிறது, நோய் ஏன் போகவில்லை என்று டாக்டரிடம் கேட்டார். மருந்து ஒழுங்காகப் போயிருந்தால் இந்நேரம் தெளிந்திருக்க வேண்டும், எப்படியாவது பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். இவர் கூடையோடு படியில் காத்திருந்தார். கோமளா வரவில்லை. அன்று மாலையும் வரவில்லை. மறுநாளும் இல்லை. தட்டு மட்டும் பளபளவென்று காலியாகிக்கொண்டே இருந்தது.

அதன்பின் அந்த மனிதரைப் பார்க்கவே முடியவில்லை. ஷேவ் செய்யாத முகத்தோடு வேலைக்கு வருவார், பாதியில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போவார். மார்க்கெட் சந்துகளில் அழுகிய கோஸ் இலைக் குவியலுக்குள் குனிந்து குனிந்து பார்ப்பார். லாரிகளுக்கு அடியில் டார்ச் அடிப்பார். வெல்டிங் பார்க்கிற அதே டார்ச். கோமளா, கோமளா என்று கூப்பிடுவதைப் பார்த்து, பெண்டாட்டி ஓடிவிட்டாளா என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டார்களாம். அந்த வாரம் மச்சினன் வீட்டுக் கிருஹப்பிரவேசத்துக்குத் திருச்சி போக வேண்டியவர் போகவில்லை. "ஒரு பூனைக்காகவா" என்று வேதா அம்மா ஃபோனில் கேட்டாராம். கட்டடத்தில் அவர் படியேறினால் கதவுகள் சாத்திக்கொண்டன. குழந்தைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

"மீன் நாத்தம் என்மேல வீசறது போல இருக்கு மேடம்" என்றார். வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, இன்னொரு டப்பா மீனோடு நானே போவன்பள்ளி போனேன். இரண்டு பேராகத் தேடலாம் என்று எண்ணம். கட்டட வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டார். செருப்பில் அறுந்த வாரை நான் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் முன்னால் படியேறிப்போனார். முதல் மாடியில் அவர் காலடி நின்றுவிட்டது. பிறகு கதவை இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் கேட்டது.

பிரமீளம்மா வீட்டுக்குள்ளிருந்து இருமல் வந்திருக்கிறது. மனிதர் இருமல் இல்லை. அவருக்கு அந்த இருமல் எங்கே கேட்டாலும் தெரியும்.

நான் மூச்சு வாங்க மேலே போவதற்குள் சண்டை முற்றிவிட்டது. மேல்மாடிக்காரர்கள் படியில் நிற்கிறார்கள். பிரமீளம்மா கதவை மறித்துக்கொண்டு, உங்களுக்கு வெட்கமாக இல்லையா, வாயில்லாத ஜீவன் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது, நான் தூக்கிவந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன், உயிரே போனாலும் தரமாட்டேன் என்று தெலுங்கில் கத்துகிறாள். கண்ணில் தண்ணீர். அவருக்கு அதில் கால்வாசி புரிந்திருந்தால் அதிகம். பூனை உள்ளே இருக்கிறது, அதற்கு இன்னும் மருந்து போகவில்லை என்பது மட்டும் புரிந்திருக்கிறது.

"அவுனு அம்மா" என்றார், ஆமாம் என்று. "நேனே மந்து பெட்டானு. ரோஜு பெட்டானு. இப்புடு கூடா பெட்டாலி."

நானேதான் மருந்து வைத்தேன், தினமும் வைத்தேன், இப்போதும் வைக்க வேண்டும். படியில் நின்ற ஆள் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினார். எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. ஐயோ இந்த மனுஷன் என்ன சொல்லித் தொலைத்திருக்கிறார் என்று வாயைத் திறக்கப் போனேன். மூச்சு இரைத்ததில் வார்த்தை வரவில்லை. பிரமீளம்மா அவர் கையிலிருந்த டப்பாவைக் காட்டினாள். தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாக்கை வெளியே தள்ளிக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சௌந்தர் சார் அவள் கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சுற்றி நின்றவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை நாள் சாத்திய கதவுகளெல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படியே இடிந்துபோனது.

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மாத்திரையைப் பிதுக்கி, டப்பாவைத் திறந்து, மீனோடு சேர்த்து வெறுங்கையால் பிசைந்தார். அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர். மெல்லத் தொடங்கியதும் கண்கள் பிதுங்கின. கசப்பா, மீனா, இரண்டுமா, குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயை ஒரு கையால் பொத்தி, வந்ததை உள்ளேயே விழுங்கினார். மறுபடி ஒரு வாய் அள்ளினார். கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய மென்றார். டப்பா காலியானதும் வாயை அகலத் திறந்து பிரமீளம்மாவுக்குக் காட்டினார். நாக்கைத் தூக்கி, அடியில் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்றும் காட்டினார்.

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு, கோபமோ துக்கமோ தெரியவில்லை, மூன்று மொழியிலும் கத்தி எல்லாருக்கும் விளக்கினேன். விஷம் இல்லை, தவாய், தவாய், மருந்து, வேசானு என்று சொல்லத் தெரியாமல் பெட்டானு என்றிருக்கிறார் என்று. கேட்டுக்கொண்டே வந்த பிரமீளம்மா தலையில் கைவைத்துக் கதவோரம் சரிந்தாள். "எத்தனை வேளை கொட்டினேன்" என்றாள். சட்டைக் கையை மடித்தவர் அதைத் திரும்ப இறக்கிவிட்டுக்கொண்டார்.

கோமளா உள்ளே, தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட்டில், ஒரு பழைய புடவைமேல் கிடந்தது. விஷம் முறியட்டும் என்று பிரமீளம்மா நெய் தடவித் தடவிக் கொடுத்திருந்தாள். மீசையெல்லாம் நெய். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. சௌந்தர் சார் பக்கத்தில் மண்டியிட்டார். ஓடவில்லை. அரை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் எடுத்தார். நான் துண்டோடு தயாராக நின்றேன், பிரமீளம்மா கால்களைப் பிடிக்கக் குனிந்தாள். எதுவும் தேவைப்படவில்லை. அவர் விரல் பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மருந்து உள்ளே போனது. நுரைக்கவில்லை, துப்பவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை.

இதற்குத்தானே இத்தனை நாள் கெஞ்சினார். சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவர் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேச்சல் மேடம், இது சரியில்ல" என்றார். "இவ இப்படி வாங்கிக்க மாட்டா. இவளுக்கு இது தெரியாது."

டாக்டர் கிருஷ்ணா விடுமுறையென்றும் பாராமல் வந்து ஊசி போட்டார். காப்பாற்றிவிடலாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை விடாதீர்கள், பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு வேளை தவறவில்லை. அந்தத் தக்காளி கிரேட் பிரமீளம்மா வீட்டிலேயே இருந்தது, சார் காலையும் மாலையும் அங்கே போனார். ஒவ்வொரு தடவையும் மருந்து சொன்னபடி உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் உடைந்துபோய் வெளியே வந்தார். விரலை அதன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, "கடிடி. ஒரே ஒரு தரம் கடிடீ கொழந்தே" என்று கெஞ்சுகிறாராம். பிரமீளம்மா எனக்கு ஃபோன் செய்து, கடிடி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில், காலையில் சனத்நகர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது என் ஃபோன் அடித்தது. சௌந்தர் சார். பின்னால் பிரமீளம்மா ஏதோ கத்துவது கேட்டது, பாத்திரம் உருள்கிற சத்தமும் கேட்டது.

"மேடம்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"சொல்லுங்க சார். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"கடிச்சுட்டா மேடம்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டைவிரல்ல. பல்லு நன்னா உள்ள எறங்கிடுத்து. ரத்தம் கொட்டறது. பிரமீளம்மா கையையும் பிறாண்டிட்டு அலமாரி மேல ஏறி உக்காந்துண்டு முறைக்கறா." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"ஹவ் சார், ஆமா, சந்தோஷம்தான். முதல்ல விரலை சோப்புப் போட்டுக் கழுவுங்க. நேரா ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்குங்க. ரெண்டு பேரும்."

"போட்டுக்கறோம் மேடம். ஆனா இப்ப ஆஸ்பத்திரி போக முடியாது. மருந்து பூரா என் சட்டை மேலதான் இருக்கு. ஒரு சொட்டு உள்ள போகலை."